இருட்டும் மரியாதையும்: ஒரு பழைய 35 மி.மீ. லென்ஸைத் தேடி

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில், இருட்டில், ஃப்ளாஷ் இல்லாமல் படமெடுக்கத் தோதான பழைய அகலக்கோண லென்ஸ் எது? கேள்வி சின்னதுதான். கையில் கொஞ்சம் பணமும் ஒரு பரிந்துரையும் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. லென்ஸ் ஒவ்வொன்றும் எந்த வருஷம் வந்தது, ஏன் வந்தது, அது வருவதற்கு முன்னால் ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தோண்டப் போனதில், இது வெறும் கண்ணாடி சமாச்சாரம் இல்லை என்று புரிந்தது. நம் ஊரில் இருட்டில் படமெடுத்தவர்களின் கதையில் 'மரியாதை' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு லென்ஸுக்கு வருகிறேன்.

முதலில் ரெண்டு விளக்கம்

ரேஞ்ச்ஃபைண்டர் பற்றித் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். படம் எடுக்கும்போது உள்ளே ஒரு கண்ணாடி 'டப்' என்று எழும்பி வழிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே கிடையாது. லென்ஸுக்கு மேலே தனியாக ஒரு ஜன்னல், சற்றுத் தள்ளி இன்னொரு சின்ன ஜன்னல். இரண்டிலிருந்தும் வரும் பிம்பங்கள் நடுவில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி. நம் இரண்டு கண்களும் தூரத்தை அளக்கிற அதே முக்கோணக் கணக்குதான்.

அடுத்தது எஃப் எண். லென்ஸின் குவியத் தூரத்தை அதன் துவார விட்டத்தால் வகுத்தால் வருவது. எண் சின்னதாக ஆக, வெளிச்சம் அதிகம். எஃப்/2.8-ஐ விட எஃப்/2 இரண்டு மடங்கு வெளிச்சம் தரும், எஃப்/1.4 நான்கு மடங்கு. அப்படி இரண்டு மடங்காகும் ஒவ்வொரு படியையும் 'ஸ்டாப்' என்பார்கள். எஃப்/2-க்கும் எஃப்/1.8-க்கும் வித்தியாசம் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்குதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மதுரையில் ஒரு கேப்டன்

தமிழ்நாட்டின் இருட்டு மண்டபங்களோடு முதலில் மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றி எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர் அவர்தான். மதுரை புதுமண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தையும் எடுத்திருக்கிறார். தூண்கள் வரிசையாக உள்ளே போய் இருட்டில் கரையும் படம்.

அவரிடம் இருந்தது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அதன் வேகத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அத்தனை நேரம் அசையாமல் நிற்பது கல் மட்டும்தான். அதனால் அவர் படங்களில் கோயில் இருக்கும், கோயிலுக்கு வருகிற கூட்டம் இருக்காது. நடமாடினவர்கள் பதியவே இல்லை. 1860 வாக்கில், செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஆளுநர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன் அந்த ஏற்பாட்டையே நிறுத்திவிட்டார்.

மங்கலான வெளிச்சத்தில் கல்லை எடுக்கப் பொறுமை இருந்தால் போதும். மனுஷனை எடுக்க வேகம் வேண்டும். அடுத்த நூறு வருஷ லென்ஸ் வரலாறு பூராவும் இந்த ஒரு பிரச்சினைதான்.

மூன்று பல்புகள்

வேகம் இல்லாவிட்டால் என்ன, வெளிச்சத்தை நாமே கொண்டுபோகலாமே? ஃப்ளாஷ் பல்பு அதற்குத்தான் வந்தது. அது எங்கே எடுபடவில்லை என்பதற்குக் காந்தியைச் சுற்றி நடந்த மூன்று கதைகள் போதும்.

முதல் கதை கனு காந்தி. காந்தியின் உறவினர், சேவாகிராமத்திலேயே இருந்தவர். காந்தியைப் படமெடுக்க அவருக்கு மூன்று நிபந்தனைகள்: ஃப்ளாஷ் போடக் கூடாது; போஸ் கொடுக்கச் சொல்லக் கூடாது; ஆசிரமம் இதற்குப் பணம் தராது. ஜி.டி. பிர்லா கொடுத்த 100 ரூபாயில் ஒரு ரோலைஃப்ளெக்ஸ் கேமராவும் ஃபிலிமும் வாங்கினார். காந்தியின் கடைசிப் பத்தாண்டுகளை உள்ளிருந்து காட்டும் படங்கள் அந்த நிபந்தனைகளுக்குள் எடுக்கப்பட்டவை. பல படங்களில் ஆட்கள் கலங்கலாகத்தான் இருப்பார்கள். ஆனால் யாரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்பதில்லை.

இரண்டாவது, 'லைஃப்' பத்திரிகையின் மார்கரெட் போர்க்-வைட். 1946-ல் ராட்டையோடு காந்தி இருக்கும் அந்தப் பிரசித்தமான படம் இவருடையது. அன்று காந்திக்கு மௌன நாள். அறை இருட்டு. ராட்டை சுற்றக் கற்றுக்கொண்டு வந்தால்தான் அனுமதி என்று சொல்லி, கற்றுக்கொண்ட பிறகு மூன்றே மூன்று ஃப்ளாஷ் பல்புகளுக்கு அனுமதி தந்தார்கள். முதல் இரண்டும் வீணாயின. மூன்றாவதில் படம் விழுந்தது.

மூன்றாவது, 1948 ஜனவரி 30. காந்தி கொல்லப்பட்ட இரவு. பிர்லா இல்லத்தில் உடல் வைக்கப்பட்டிருந்த அறைக்குள் போர்க்-வைட் போய் ஃப்ளாஷ் போட்டார். சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஃபிலிம் பறிபோனது, அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதே இரவில் அதே வளாகத்தில் இன்னொருவர் சின்ன லைக்கா ரேஞ்ச்ஃபைண்டரோடு இருந்தார். பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். அன்று பிற்பகல்தான் காந்தியைச் சந்தித்துவிட்டு வந்திருந்தார். வெளிக்கதவின் மேல் ஏறி நேரு செய்தியைச் சொல்லும் காட்சியை, அங்கிருந்த விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்தார். நேருவின் முகம் கலங்கல், சுற்றிலும் இருட்டு, ஓரத்தில் விளக்கின் பளபளப்பு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் மோசமான படம்தான். ஆனால் அந்த இரவு எப்படி இருந்தது என்று கேட்டால் எல்லோரும் காட்டுவது அதைத்தான்.

போர்க்-வைட் திறமைக் குறைவானவர் இல்லை, பெரிய ஆள். வித்தியாசம் கருவியில் இருந்தது. ஒருவரின் கருவி அறையின் வெளிச்சத்தை மாற்றியாக வேண்டும். மற்றவருடையது இருந்த வெளிச்சத்தோடு ஒத்துப்போனது.

திருவண்ணாமலை, 1950

இரண்டு வருஷம் கழித்து அதே மனிதர் தமிழ்நாட்டில் இருந்தார். ரமணாசிரமத்தில் ரமண மகரிஷியின் கடைசி நாள்களைப் படமெடுத்தார். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தார். அந்த நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி மெதுவாக நகர்ந்து அருணாசல மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்ததாக ஆசிரமத்தில் பலர் சொன்னார்கள். கார்த்தியே-பிரெஸ்ஸோனும் பார்த்து, உடனே கடிகாரத்தில் மணியைக் குறித்துக்கொண்டதாகப் பதிவு செய்திருக்கிறார். மாதக் கடைசியில் பாண்டிச்சேரி போய் அரவிந்தரை அவருடைய அறையிலேயே எடுத்தார். ஏறத்தாழ முப்பது வருஷமாக அரவிந்தர் எந்தக் கேமராவுக்கும் முன் உட்கார்ந்ததில்லை. அந்த டிசம்பரிலேயே அவரும் மறைந்தார்.

ஒருவர் மரணப் படுக்கையில், இன்னொருவர் முப்பது வருஷத் தனிமையில். இந்த இரண்டு இடத்திலும் ஃப்ளாஷைப் பற்றிப் பேசவே முடியாது. 1952-ல் வந்த தன்னுடைய புத்தகத்தின் முன்னுரையிலும், இருக்கிற வெளிச்சத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும், அது இல்லாத இடத்திலும் ஃப்ளாஷ் கூடாது என்று எழுதினார்.

இங்கேதான் என் லென்ஸ் கேள்வி வரலாற்றோடு முட்டியது. கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ்தான் பயன்படுத்தினார். அது அவருடைய ரசனை என்று எல்லோரும் எழுதுவார்கள், உண்மைதான். ஆனால் 1950-ல் இருட்டறைக்கு வேறு என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். லைக்கா நிறுவனத்தின் சொந்த 35 மி.மீ. லென்ஸ்கள் அப்போது எஃப்/3.5-தான். 50 மி.மீ.யில் எஃப்/2-வும் எஃப்/1.5-வும் கிடைத்தன. எஃப்/3.5-லிருந்து எஃப்/2-க்கு வந்தால் வெளிச்சம் மூன்று மடங்கு. அன்றைய வேகமான ஃபிலிமே இன்றைய கணக்கில் ஐ.எஸ்.ஓ. 100, 200 அளவுதான். டிரை-எக்ஸ் 35 மி.மீ. சுருளாக வந்தது 1954-ல். முதலில் அதன் மதிப்பு 200, அளவிடும் முறை மாறிய பிறகு 400. ஆக, சின்ன அறையில், இருட்டில், அகலமாக எடுக்க வேண்டும் என்றால் 1950-ல் சரியான கருவியே இல்லை.

அந்த ஓட்டை அடைபட்ட வருஷங்கள் 1956 முதல் 1962 வரை. நான் தேடிய லென்ஸ்களில் முக்கியமானவை எல்லாம் அந்த ஆறு வருஷத்துக்குள் வந்தவை.

வேகத்துக்கு ஓடிய ஓட்டம்

அந்த ஆறு வருஷத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1924-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த எர்னெமான் நிறுவனம் எர்மனாக்ஸ் என்ற கேமராவைக் கொண்டுவந்தது. எஃப்/2 லென்ஸ், பிறகு எஃப்/1.8. வடிவமைத்தவர் லுட்விக் பெர்ட்டலே. அப்போது வயது இருபத்தி மூன்றுதான். அந்தக் கேமராவோடு எரிக் சாலமோன் என்ற பத்திரிகைக்காரர் ராஜதந்திரிகளின் நள்ளிரவுக் கூட்டங்களுக்குள் புகுந்து, அவர்கள் கொட்டாவி விடுவதையும் தூங்கி வழிவதையும் எடுத்தார். 'கேண்டிட்' புகைப்படம் என்று இன்று சொல்கிற சமாச்சாரத்தின் தொடக்கம் அது. யூதரான சாலமோன் 1944-ல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

எர்னெமான் பிறகு ஸைஸ் ஐகானுக்குள் இணைந்தது. பெர்ட்டலே அங்கே 1932-ல் காண்டாக்ஸ் ரேஞ்ச்ஃபைண்டருக்காக 50 மி.மீ. எஃப்/1.5 ஸோனார் செய்தார். லைக்காவும் அதே 1932-ல்தான் ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோடு இணைத்தது. 1930-களின் நடுவில் பெர்ட்டலே 35 மி.மீ. எஃப்/2.8 பயோகானையும் வடிவமைத்தார். அகலக்கோணத்தில் அன்றைக்கு அது பெரிய வேகம். அதன் பின்பக்கக் கண்ணாடி கேமராவுக்குள் ஆழமாக இறங்கி, ஃபிலிமைத் தொடுவது போல நிற்கும். எஸ்.எல்.ஆரில் இது நடக்காது; எழும்பும் கண்ணாடி இடித்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரும் அகலக்கோணமும் இயல்பான ஜோடி என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

போர் முடிந்ததும் ஸைஸ் இயந்திரங்களை சோவியத் யூனியன் எடுத்துப்போனது. பயோகான், ஜூபிடர்-12 என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. இன்றும் குறைந்த விலையில் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், ஜெர்மன் காப்புரிமைகள் செல்லாமல் போனதால், லைக்காவின் 39 மி.மீ. திருகு மரையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றாயிற்று. ஜப்பானியர்கள் இறங்கினார்கள். 1950-ல் கொரியப் போருக்குப் போன டேவிட் டக்ளஸ் டங்கன் தன் கேமராவில் நிக்கோர் லென்ஸ்களைப் போட்டு எடுக்க, நியூயார்க்கில் இருந்தவர்கள் படங்களின் கூர்மையைப் பார்த்துத் திகைத்தார்கள். அதற்குப் பிறகு வேகப் பந்தயம்தான். 1956-ல் நிக்கான் 35 மி.மீ. எஃப்/1.8. அதே வருஷம் கேனானும் எஃப்/1.8. 1958-ல் கேனான் எஃப்/1.5. அதே வருஷம் லைக்கா 35 மி.மீ. சம்மிக்ரான் எஃப்/2. 1961 வாக்கில் லைக்கா சம்மிலக்ஸ் எஃப்/1.4. 1962-ல் கேனான் எஃப்/2.

கடைசி வரியைக் கவனியுங்கள். எஃப்/1.5 வரை போன கேனான், நான்கு வருஷம் கழித்து எஃப்/2-க்கு இறங்கி வந்திருக்கிறது. எதற்கு? முழுத் துவாரத்தில் சுத்தமான படம் வேண்டும் என்பதற்காக என்றுதான் அந்த லென்ஸைப் பார்த்தால் தோன்றுகிறது. எனக்கு முடிவு எடுக்க உதவியது இந்த ஒரு தகவல்தான்.

நம் ஊரில் கிடைத்தது

இந்தப் பந்தயம் எல்லாம் நடந்தபோது நம் புகைப்படக்காரர்களுக்கு இதில் எதுவும் சுலபமாகக் கிடைக்கவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, இறக்குமதிக் கட்டுப்பாடு. அதற்கு விடையாகத்தான் 1960-ல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் ஊட்டியில் தொடங்கப்பட்டது. 1967-ல் உற்பத்தி. பிரான்ஸின் போஷே நிறுவனத்தோடு கூட்டு. 'இந்து' (நிலவு) என்ற வணிகப் பெயர். தூசியும் சூடும் இல்லாத குளிர்ந்த மலைக்காற்று ஃபிலிம் பூசத் தோது என்பதால் நீலகிரி. நாற்பது வயதைத் தாண்டிய பல தமிழர்களின் பள்ளிக்கூடக் குரூப் ஃபோட்டோவும் மார்பு எக்ஸ்ரேயும் அந்த ஊட்டி ஃபிலிமில் விழுந்தவையாக இருக்கலாம். அந்த ஆலை இப்போது இல்லை.

ஏன் அகலக்கோணம்?

"இருட்டுக்கு 50 மி.மீ. எஃப்/1.4 போதுமே, எதுக்கு 35?" என்று கேட்பவர்களுக்கு மூன்று பதில்.

ஒன்று, கை நடுக்கம். குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணைவிட மெதுவான ஷட்டர் வேண்டாம் என்பது பழைய விதி. 50-க்கு 1/50 வினாடி, 35-க்கு 1/35. அரை ஸ்டாப் இங்கேயே மிச்சம். எழும்பும் கண்ணாடி இல்லாததால் ரேஞ்ச்ஃபைண்டரில் மூச்சை அடக்கி 1/15 வரை கூடப் போகலாம்.

இரண்டு, ஃபோகஸ் ஆழம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. எஃப்/1.4-ல் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 13 செ.மீ. 35 மி.மீ. எஃப்/1.4-ல் 27 செ.மீ. எஃப்/2-ல் 39 செ.மீ. விளக்கேற்றுகிற ஒருவரின் முகமும் கையும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்றால் 13 செ.மீ. போதாது.

மூன்று, இடம். 35 மி.மீ. மூலைக்கு மூலை 63 டிகிரி பார்க்கும், 50 மி.மீ. 47 டிகிரி. தூண்களுக்கு நடுவே பின்னால் நகர இடமில்லாத மண்டபத்தில் இந்த 16 டிகிரிதான் ஆளையும் இடத்தையும் சேர்த்துக் காட்டும்.

அப்படியென்றால் 28 மி.மீ.? பழைய லென்ஸ்களில் வேகமான 28 கிடையாது. 1957-ல் வந்த கேனான் எஃப்/2.8-தான் அன்றைய உச்சம். எஃப்/1.9 வேகத்தில் 28 வேண்டும் என்றால் 2001-ல் வந்த ஃபோக்ட்லேண்டர் அல்ட்ரானுக்குப் போக வேண்டும்.

அகலக்கோணத்தை வேகமாகச் செய்வது ஏன் கஷ்டம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சாய்வாக வரும் ஒளி, கோணத்தின் கொசைனின் நான்காம் அடுக்குப்படி குறையும். 35 மி.மீ. லென்ஸின் மூலையில் அது சுமார் 0.52. அதாவது எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும், இந்த விதிப்படி மூலைக்கு வருவது பாதி வெளிச்சம். அதோடு, சாய்ந்து வரும் கதிர்கள் ஒரு புள்ளியில் குவியாமல் வால் முளைத்துவிடும், 'கோமா' என்பார்கள். நடுவில் இருக்கும் விளக்குச் சுடர் சுடராகவே இருக்கும். ஓரத்தில் இருப்பது சிறகு விரித்த பறவை மாதிரி விழும். நம் கோயில் வெளிச்சத்துக்கு இது முக்கியமான பிரச்சினை, ஏனென்றால் நம் படங்களில் வெளிச்சம் தரும் விளக்கே சட்டகத்துக்குள் இருக்கும்.

எனக்கு எதற்கு?

மாடம்பாக்கம் இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. அடுக்குமாடிகளுக்கு நடுவே சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில். யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட விமானம். பிற்கால மண்டபத் தூண் ஒன்றில் சரபேஸ்வரர் சிற்பம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில், அதாவது சாயங்காலம் நாலரை முதல் ஆறு வரை, அவருக்கு விசேஷ வழிபாடு. இந்த மாதிரி சாயங்காலங்களை நம் சுற்றுவட்டாரத்தில் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது என் திட்டம். கருவறைப் பக்கம் கேமரா போகாது. அனுமதி தருகிற இடங்களில், வெளி மண்டபங்களில், கேட்டுக்கொண்டு மட்டும்.

அவசரம் ஒன்று இருக்கிறது. அந்த வெளிச்சமே மாறிக்கொண்டு வருகிறது. எண்ணெய் விளக்கும் மஞ்சள் பல்பும் இருந்த பல மண்டபங்களில் வெள்ளை எல்.இ.டி. வந்தாயிற்று. வருகிறவர்களுக்கு அது நல்லதுதான், படி தெரிகிறது, வயசானவர்கள் தடுக்கி விழுவதில்லை. ஆனால் என் பாட்டி காலத்து முகங்களைச் செதுக்கிக் காட்டிய பக்கவாட்டு வெளிச்சம் அத்தோடு போய்விடும். ட்ரைப் கல்லை எடுத்துவிட்டார். கல்லின் மேல் விழுந்த விளக்கு வெளிச்சத்தில் நின்ற ஆட்களை எடுக்க நமக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

ஒருமுறை பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் யாரோ செல்போன் ஃப்ளாஷைப் போட, அகல் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பி, "தம்பி, படம் வேணா எடுத்துக்கப்பா, பளிச்சுனு மட்டும் அடிக்காதே. வேண்டிக்கிட்டு இருக்கோம்ல" என்றார். சேவாகிராமத்தில் கனு காந்திக்குச் சொன்ன அதே நிபந்தனை.

"இன்னிக்கு டிஜிட்டலில் ஐ.எஸ்.ஓ. 6400 போனால் எஃப்/2.8 போதாதா?" போதும், நிறைய நேரம். ஆனால் நான் எடுப்பது ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு-வெள்ளை ஃபிலிமில். எஃப்/2, 1/30 வினாடி என்றால், வீட்டுக்குள் ஒரு மங்கலான பல்பு வெளிச்சம் வரை சமாளிக்கலாம். ஃபிலிமைக் கூடுதல் நேரம் டெவலப் செய்து 1600-க்கு இழுத்தால் இன்னும் இரண்டு ஸ்டாப்.

போட்டியாளர்கள்

*ஜூபிடர்-12, எஃப்/2.8.* விலை மலிவு, நடுப்பகுதி கூர்மை. ஆனால் வேகம் போதாது. ஆழமாக இறங்கும் பின்கண்ணாடி, உள்ளே ஆடும் கை போன்ற ஒளிமானி இருக்கிற லைக்கா எம்5, சி.எல். கேமராக்களில் இடித்துவிடும்.

*நிக்கோர் எஃப்/1.8.* அருமையான லென்ஸ். பெரும்பாலும் நிக்கானின் சொந்தப் பொருத்தியில் வந்தது. லைக்கா மரையில் வந்தவை கொஞ்சம்தான். அவை இப்போது சேகரிப்பாளர்கள் கையில்.

*சம்மிக்ரான் எஃப்/2, 1958.* எட்டு கண்ணாடிகள் கொண்ட முதல் வடிவம். புகழுக்கு ஏற்ற படம், புகழைவிடப் பெரிய விலை. எம்3 கேமராவுக்கு என்றால் கண்ணாடி மாட்டின மாதிரி முன்னால் ஓர் அமைப்போடு வரும், ஏனென்றால் எம்3-ல் 35-க்குச் சட்டகக் கோடே கிடையாது. அதற்காகவே பிறகு எம்2 வந்தது.

*சம்மிலக்ஸ் எஃப்/1.4.* 1961 முதல் 1995 வரை ஏறத்தாழ அதே வடிவம். முழுத் துவாரத்தில் விளக்குகளைச் சுற்றி ஒரு பனிமூட்டம், ஓரத்தில் கோமா. எஃப்/2-க்கு மூடினால் வேறு லென்ஸ் மாதிரி ஆகிவிடும். அதாவது சுத்தமான படம் வேண்டுமென்றால் எஃப்/2-க்குத்தான் வர வேண்டும், எஃப்/1.4-க்கான விலையைக் கொடுத்துவிட்டு.

*கேனான் எஃப்/1.5, எஃப்/1.8, எஃப்/2.* மூன்றும் லைக்கா திருகு மரை. ஒரு வளையம் போட்டால் எம் கேமராக்களிலும் பொருந்தும். எஃப்/1.5 கனவு மாதிரி மென்மை. எஃப்/1.8 நல்ல நடுத்தரம். எஃப்/2 மூன்றிலும் தெளிவு, நல்ல கான்ட்ராஸ்ட், உள்ளங்கையில் மறையும் அளவு.

*ஃபோக்ட்லேண்டர் அல்ட்ரான் எஃப்/1.7.* ஜப்பானின் கோசினா நிறுவனம் 1999-ல் பழைய ஜெர்மன் பெயரில் வெளியிட்டது. இதுவும் இப்போது பழசுதான். படத் தரத்தில் மேலே சொன்ன பல லென்ஸ்களைவிட மேல். அரைநூற்றாண்டு லென்ஸ்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

வாங்கும்போது டார்ச் அவசியம்

சென்னைத் தென்புறம், ஏரிக்கரை, ஐப்பசி கார்த்திகை மழை. லென்ஸுக்கு இதைவிட மோசமான பூகோளம் கிடையாது. பழைய லென்ஸை வாங்குமுன் துவாரத்தை முழுசாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. அது கண்ணாடிப் பூச்சைத் தின்றிருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. மூச்சு விட்ட மாதிரி படலம் இருந்தால் எண்ணெய் ஆவி. அந்தக் காலத்துக் கேனான் லென்ஸ்களில் துவாரத்தை ஒட்டிய கண்ணாடியில் இது அடிக்கடி வரும். பகலில் எடுத்தால் தெரியாது. விளக்கைப் பார்த்து எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். படலம் உள்ள எஃப்/1.5-ஐ விடச் சுத்தமான எஃப்/2.8 மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நிற்கும் அலமாரி இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. தோல் உறைக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடைசியில்

நான் எடுத்தது கேனான் 35 மி.மீ. எஃப்/2. 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸோடு ஒப்பிட்டால் ஒரு ஸ்டாப் குறைவு. அந்த ஒரு ஸ்டாப்பில் பாதியை 35 மி.மீ. என்பதே கை நடுக்கக் கணக்கில் திருப்பித் தருகிறது. மீதியை ஃபிலிமைக் கொஞ்சம் இழுத்துச் சரிக்கட்டலாம். ஆனால் சட்டகத்துக்குள் பத்து அகல்கள் எரியும்போது பத்தும் சுடராகத் தெரிவது, எந்த டெவலப்பராலும் பின்னால் கொண்டுவர முடியாத விஷயம்.

நிஜமாகவே அதற்கும் கீழே வெளிச்சம் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேமராவை இறக்கிவிட வேண்டியதுதான். எஃப்/1.4 வைத்திருப்பவரும் ஏதோ ஒரு கட்டத்தில் இறக்கித்தான் ஆக வேண்டும். அவருக்கு அது பத்து நிமிஷம் தள்ளி வரும், அவ்வளவுதான்.